ஓடைக்கரைத் தெருவில் மட்டும் பழுதாகும் மைக்

மைக்கை வாயருகே கொண்டுபோகும் முன் ராக்கப்பன் செருப்பைக் கழற்றிவிடுவார். அறிவிப்பு கோயில் கொடியேற்றமாக இருக்கலாம், சினிமாக் கொட்டகையில் மாற்றிய படமாக இருக்கலாம், மேயப் போய்த் திரும்பாத பசுமாடாக இருக்கலாம், எல்லாவற்றுக்கும் வெறுங்கால்தான். கரண்டு விஷயத்தில் காலில் செருப்பு இருப்பதுதான் பத்திரம் என்று லைன்மேன் ஒருவர் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். "அது ஒங்க கரண்டுக்கு. கால்ல செருப்பு கிடந்தா எனக்கு நாக்கு சுத்தமா நிக்காதுய்யா" என்று ராக்கப்பன் அவரைத் திருத்தி அனுப்பினார்.

ராஜபாளையத்தில் அவர் முகம் தெரிந்தவர்கள் கொஞ்சம். குரல் தெரியாதவர்கள் யாருமில்லை. ஒல்லியான ஆள். கழுத்தில் குரல்வளை மட்டும் வேறு யாரிடமோ இரவல் வாங்கிப் பொருத்தியதுபோல் துருத்திக்கொண்டிருக்கும். முதன்முதலாகப் பார்க்கிறவர்கள், "இந்தக் கூட்டுக்குள்ள இருந்தா அம்புட்டுச் சத்தம் வருது?" என்று கேட்பார்கள். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

அவரிடம் இரண்டு தமிழ் இருந்தது. ஒன்று வாய்த் தமிழ்; வீட்டில், டீக்கடையில், மனைவி சீனியம்மாளோடு சண்டை போடும்போது வருவது. மற்றது மைக் தமிழ். அதில் வெள்ளாட்டுக்குக்கூட மரியாதை உண்டு. "வலது காதில் துளையுடன் கூடிய கறுப்பு நிற வெள்ளாடு ஒன்று வழி தவறிச் சென்றுவிட்டது. கண்டவர்கள் தகவல் தந்து உதவுமாறு பணிவன்புடன் வேண்டுகிறோம்." 'வழி' என்பதில் வரும் ழகரத்தை அவர் உச்சரிக்கும்போது ஆடு தொலைந்த துக்கம் சொந்தக்காரருக்கே ஒரு நிமிடம் மறந்துபோகும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடித் தேரின்போது தொலைந்த பிள்ளைகளை அறிவிக்கும் பந்தலில் அவர்தான் உட்கார்ந்திருப்பார். "ஏலே, அழுவாதலே, ஒங்கய்யா பேரென்ன?" என்று பிள்ளையிடம் கேட்டுவிட்டு, மைக்குப் பக்கம் திரும்பி, "நீலநிறக் கால்சட்டை அணிந்த சிறுவனின் பெற்றோர் எங்கிருந்தாலும் உடனடியாக" என்று தொடங்குவார். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு, அந்தச் சிறுவன் யாரென்று சுற்றிலும் தேடும்.

அவருடைய வாகனம் ஒரு மூன்று சக்கர மிதிவண்டி. முன்னால் பார்த்தபடி ஒரு குழாய் ஸ்பீக்கர், பின்னால் பார்த்தபடி ஒன்று. நடுவில் லாரி பேட்டரி. அதன் மேல் ஆம்ப்ளிஃபயர். அதற்கு மேல் கயிற்றால் கட்டிய ஒரு கறுப்புக் குடை. மழை வந்தால் குடை ஆம்ப்ளிஃபயருக்குத்தான். "நான் நனைஞ்சா ரெண்டு தும்மல். அது நனைஞ்சா பொழப்பே போச்சு" என்பார்.

மழைக்காலத்தில் அவருக்கு அரசாங்க வேலையும் வரும். மேற்கே மலையில் கருக்கல் கூடிவிட்டால் வருவாய் ஆய்வாளர் ஞானதுரை சைக்கிளில் தேடிக்கொண்டு வருவார். ஓடையோரம் இருப்பவர்களை எச்சரிக்கை செய்ய வேண்டும். "வண்டி ஓடைக்கரைத் தெரு வரைக்கும் போகணும் ஓய், பஜாரோட திரும்பிராதீரு" என்பார். "மொதல்ல அங்கதான் சார் போறது" என்பார் ராக்கப்பன். அதைச் சொல்லும்போது ஆய்வாளர் முகத்தைப் பார்க்காமல், பேட்டரி ஒயரைச் சரி செய்துகொண்டிருப்பார்.

ஓடைக்கரைத் தெருவில் அப்போது குடியிருப்பவர்கள் என்று யாரும் இருந்திருக்கக் கூடாது. அந்தத் தெருவை அரசாங்கம் விலைக்கு வாங்கியிருந்தது.

தொண்ணூற்றிரண்டாம் வருஷத்து மழையில் ஓடை தெருவுக்குள் வந்து, வீடுகளில் மார்பளவு நின்றுவிட்டுப் போனது. அதற்கு முன்பும் அது வந்து போய்க்கொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு முறையும் பள்ளிக்கூடத்தில் ஆட்களை அடைத்து, பாயும் அரிசியும் வேட்டி சேலையும் கொடுத்து மாளவில்லை. வந்த வெள்ளத்துக்கெல்லாம் செலவழிப்பதைவிட, வீடுகளையே ஒரேயடியாக வாங்கி இடித்துப்போட்டு, ஜனங்களை மேட்டில் குடிவைத்தால் வரப்போகிற வெள்ளத்துக்கெல்லாம் செலவு மிச்சம் என்று யாரோ ஓர் அதிகாரிக்குத் தோன்றியது. நல்ல யோசனைதான். ஆனால் இடிப்பதற்கென்று காசு கொடுத்து வீடு வாங்குகிறவரை அந்தத் தெரு அதுவரை பார்த்ததில்லை. அரசாங்கத்துக்குப் புத்தி பிசகிவிட்டது என்று எல்லாரும் முடிவு செய்தார்கள். அது தெளிவதற்குள் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும் என்று முண்டியடித்தார்கள்.

அந்தத் திட்டத்தைத் தெருத்தெருவாக அறிவித்தவர் ராக்கப்பன். அவர் வீடும் அதே தெருவில், ஓடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. தன் வீட்டை அரசு வாங்கப்போவதைத் தன் வீட்டு வாசலில் நின்று தனக்கே அறிவித்துக்கொண்டவர் அவர் ஒருவர்தான். "சொன்னது வெளங்குச்சா, இல்ல இன்னொரு தரம் சொல்லவா?" என்று உள்ளேயிருந்து சீனியம்மாள் கேட்டாள்.

விற்ற வீட்டை இடிப்பதில் ஒரு முறை உண்டு. வீட்டின் உயிர் நிலையில் இருக்கிறது என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை. வாசற்கதவைத் தாங்கி நிற்கும் அந்த மரச் சட்டத்தை மஞ்சள் துணி கட்டி, நல்ல நேரம் பார்த்து நட்டவர் கையாலேயே, தேங்காய் உடைத்துப் பிடுங்க வேண்டும். நிலை நிற்கிற வீட்டில் எந்தக் கொத்தனாரும் கடப்பாரையை வைக்க மாட்டார். மற்றவர்கள் எல்லாம் பிடுங்கிக்கொண்டு மேட்டுக்குப் போனார்கள். ராக்கப்பன் ஆடி என்றார். ஆடி போனதும் அஷ்டமி என்றார். அதுவும் போனதும், நிலை வைத்தபோது கூடநின்ற மச்சினர் ஊரிலிருந்து வரட்டும் என்றார். இடிக்க வந்த ஆட்கள் நிலை நிற்பதைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார்கள். கடைசியில் காண்ட்ராக்டர் தெரு முழுவதும் இடித்தாயிற்று என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மண்மேடுகளுக்கு நடுவே ஒரே ஒரு வீடு, ஓடும் சுவருமாக, எல்லாரும் எழுந்துபோன பந்தியில் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருப்பதைப்போல் நின்றது.

பிடிவாதம் என்று அதைச் சொல்ல முடியாது. அந்த வீட்டில் குடியிருக்கும் எண்ணம் அவருக்குச் சுத்தமாக இல்லை. வெள்ளத்தன்று சீனியம்மாளை அலமாரிமேல் ஏற்றி உட்கார வைத்துவிட்டு, தண்ணீரில் மிதந்த ஸ்பீக்கரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றவர் அவர். மேட்டில் கிடைத்த புது வீட்டுக்கு முதல் ஆளாகத்தான் போனார். ஊர் அந்த மேட்டுக்கு வெள்ளக் காலனி என்று பெயர் வைத்தது. தண்ணீருக்குப் பயந்து போனவர்கள் அங்கே ஒரு குடம் தண்ணீருக்கு அடிகுழாயில் வரிசை நின்றார்கள். அது வேறு கதை.

நிலையைப் பிடுங்க மனம் வராதவருக்கு, வாடகைக்கு விட மனம் வந்தது. அதுதான் ராக்கப்பன்.

செல்லக்கனி கரிசல் காட்டிலிருந்து வந்தவள். அவள் புருஷன் குருசாமிக்கு மில்லில் வேலை கிடைத்திருந்தது. கைக்குழந்தையோடு வீடு தேடி அலைந்தவள், கதவும் நிலையுமாக நின்ற அந்த ஒற்றை வீட்டைப் பார்த்து, யாருடையது என்று விசாரித்து, வெள்ளக் காலனிக்கு வந்துவிட்டாள். அப்போதே சொல்லியிருக்கலாம். அரசாங்கம் வாங்கிய வீடு, ஆள் இருக்கத் தகாது என்று ஒரு வார்த்தை. மைக் தமிழில் அவர் அதை எத்தனையோ முறை சொன்னவர்தான். ஆனால் அன்றைக்கு வந்தது வாய்த் தமிழ். "சும்மாதான் கிடக்கு தாயி. ஆளு இல்லாட்டிப் பாம்பு அடையும். இருந்துக்கோங்க. பாத்துக் குடுங்க."

"தெருவே இடிஞ்சு கிடக்கே அண்ணாச்சி, ஏன்?"

"ரோடு போடப் போறாக" என்றார்.

சீனியம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். செல்லக்கனி போன பிறகு, "கவர்மெண்ட்டுக்கு வித்த வீட்டுக்கு வாடக வாங்குத ஆளு, ஊருக்கெல்லாம் மைக்குல புத்தி சொல்லுதீக. என்ன ரோடு போடப் போறாக? ஓடையா வந்து போடப் போகுது?" என்றாள்.

"நீ செத்த சும்மா கிட. மழ வந்தா நான் பாத்துக்கிட மாட்டனா?"

குடிவைப்பதற்கு முந்தின நாள் அவரே தனியாகப் போய்ச் சுண்ணாம்பு அடித்தார். உள்சுவரில் சுற்றிலும், மார்பு உயரத்தில், வெள்ளம் விட்டுப்போன பழுப்புக் கோடு இருந்தது. அதன்மேல் இரண்டு தடவை, மூன்று தடவை என்று பூசினார். வெள்ளை வெளேரென்று ஆனது. வாசலில் நின்று பார்த்தபோது, அந்தச் சுவரில் எப்போதுமே எதுவும் இருந்ததில்லை என்று அவருக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

முதல் மழையின் ஈரத்துக்குச் சுண்ணாம்பு பொரிந்து, கோடு மெல்ல வெளியே வந்தது. தீபாவளிக்கு முன்னால் ஒருநாள் அந்தப் பக்கம் போன ராக்கப்பனைச் செல்லக்கனி உள்ளே கூப்பிட்டாள். "வீட்ட எப்படி வச்சிருக்கேன்னு வந்து பாருங்க அண்ணாச்சி." கீழ்ச்சுவர் முழுவதும் காவி அடித்திருந்தாள். மேல் விளிம்பு நூல் பிடித்ததுபோல் நேராக ஓடியது. அதன்மேல் சுண்ணாம்பில் சின்னச் சின்னப் புள்ளி வைத்துக் கோலக்கரையும் போட்டிருந்தாள். "சுத்திலும் ஒரே மட்டத்துல ஒரு கற கிடந்துச்சு. அழிக்கப் பாத்தேன், போகல. சரி, அத ஒட்டியே காவி இழுத்துட்டேன். நூல் பிடிக்கிற வேலை மிச்சம். நல்லாருக்குல்லா?"

நன்றாகத்தான் இருந்தது. உத்தரத்திலிருந்து தொங்கிய சேலைத் தொட்டிலில் குழந்தை தூங்கியது. தொட்டில் அந்தக் கோலக்கரைக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்தது.

அவள் கொடுத்த மோரை அவரால் குடிக்க முடியவில்லை. கையில் வைத்துக்கொண்டே, "தொட்டிலக் கொஞ்சம் ஒசத்திக் கட்டு தங்கச்சி" என்றார்.

"ஏன் அண்ணாச்சி?"

"எறும்பு ஏறும்."

"எறும்பு மேல இருந்துல்லா எறங்கும்?" என்று சிரித்தாள். ஆனாலும் பெரியவர் சொன்னதற்காக ஒரு சாண் உயர்த்திக் கட்டினாள். ராக்கப்பன் சுவரையும் தொட்டிலையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு வந்தார். அன்றைக்குச் சேத்தூர் பக்கம் ஒரு கிரகப்பிரவேசத்துக்கு அறிவிப்பு. 'புதுமனை' என்ற இடத்தில் அவர் இருமினார் என்று கேட்டவர்கள் சொன்னார்கள். அவர் தொழிலில் அது கேள்விப்படாத விஷயம்.

அந்த ஐப்பசியில்தான் அவருடைய மைக்குக்கு விநோதமான ஒரு நோய் வந்தது. பஜாரில் கணீரென்று பேசும். மாரியம்மன் கோயில் முக்கில் பேசும். ஓடைக்கரைத் தெரு முனைக்கு வந்ததும் நின்றுவிடும். "அரசால் கையகப்படுத்தப்பட்ட வீடுகளில் எவரேனும் குடியிருந்தால்" என்ற வாக்கியம் எப்போதும் அந்த முனைக்கு இந்தப் பக்கத்தோடு முடிந்துபோகும். யாராவது கேட்டால், "கனெக்சன் லூசு" என்பார். லூசான கனெக்சனை அவரே சுவிட்சைத் திருப்பித்தான் உண்டாக்க வேண்டியிருந்தது. அப்போது அவர் காது இரண்டும் சிவந்திருக்கும்.

அதற்காகச் செல்லக்கனியை வெள்ளத்துக்குக் கொடுத்துவிட்டார் என்று நினைக்கக் கூடாது. மைக்கை அணைத்துவிட்டு நேரே அவள் வாசலுக்குப் போவார். "தங்கச்சி, சீனியம்மாளுக்கு மேலுக்கு முடியல. இன்னைக்குப் பிள்ளையத் தூக்கிட்டு எங்க வீட்டுல வந்து தொணைக்குப் படுத்துக்கோ" என்பார். அவள் உடனே கிளம்பிவிடுவாள். குருசாமிக்கு மில் வாசலில் சொல்லியனுப்புவாள். ராக்கப்பன் குறுக்கு வழியில் முன்னால் ஓடிப்போய்ச் சீனியம்மாளைப் படுக்க வைப்பார்.

"நான் எதுக்குங்க படுக்கணும்? வித்தது நீங்க, வாடக வாங்குதது நீங்க, சீக்கு மட்டும் எனக்கா?"

"படுடி. அவ வந்துட்டா. மொனங்கு."

சீனியம்மாள் முனகினாள். செல்லக்கனி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்து, சுக்கும் மிளகும் தட்டிக் கசாயம் வைத்து, குழந்தையை ஒரு பக்கம் போட்டுக்கொண்டு, உட்கார்ந்து கால் பிடித்துவிட்டாள். வெள்ளம் வரவில்லை. விடிந்ததும் எழுந்து, வாசல் தெளித்து, பாத்திரம் விளக்கி வைத்துவிட்டுப் போனாள். அந்த மாதத்திலேயே இன்னொரு தரமும் அப்படி வந்தாள். அன்றைக்கும் ஓடை காலளவுக்குமேல் ஏறவில்லை.

அவள் போன பிறகு சீனியம்மாள் படுக்கையிலேயே உட்கார்ந்திருந்தாள். "ஒரு கொறையும் இல்லாத கால அவ பிடிச்சுவிட்டுட்டுப் போறா. ஒங்களுக்குக் கூச்சமா இல்லையா? எனக்குக் கால வெட்டிப் போட்ரலாம்போல இருக்கு."

ராக்கப்பன் ஸ்பீக்கரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். சுத்தமாக இருந்த ஸ்பீக்கர்தான்.

கார்த்திகை பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. மலை இருக்கும் திசை கண்ணுக்கே தெரியவில்லை. ஒரு பிற்பகலில் ஞானதுரை சைக்கிளை மழையில் போட்டுவிட்டு ஓடிவந்தார். "மேக்கக் கம்மா நெறைஞ்சு மறுகால் விழுந்திருச்சுய்யா. கரை தாங்குமான்னு தெரியல. செத்த நேரந்தான். ஓடைப் பக்கம் ஒரு ஆடு மாடுகூட இருக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

வண்டி பஜாரைக் கடந்தது. கோயில் முக்கைக் கடந்தது. தெரு முனையில் வழக்கம்போல் கனெக்சன் லூசானது. முழங்கால் சேற்றில் நடந்து போய் அவர் கதவைத் தட்டினார். பின்புறம் ஓடையின் சத்தம் மாறியிருந்தது. சலசலப்பு போய், மில்லுக்குள் நிற்பதுபோல் ஓர் இரைச்சல்.

"தங்கச்சி, அக்காவுக்கு மறுபடியும் மேலுக்கு முடியல. கிளம்பு."

செல்லக்கனி கதவைப் பாதி திறந்து நின்றாள். "இன்னைக்கு ஏலாதே அண்ணாச்சி. பிள்ளைக்கு அனலாக் கொதிக்குது. இந்த மழைக்குள்ள எப்படித் தூக்கிட்டு வர? அவரும் ஷிப்டுக்குப் போயிட்டாக."

"போர்வையச் சுத்திக்கிடலாம்."

"வேண்டாம் அண்ணாச்சி. நனைஞ்சா ஜன்னி கண்டுரும். செத்த இருங்க." உள்ளே போய் ஒரு தம்ளரோடு வந்தாள். மேலே தட்டு போட்டு மூடியிருந்தது. "பிள்ளைக்கு வச்ச கசாயந்தான், அக்காவுக்கும் ஆகும். சூடாக் குடிக்கச் சொல்லுங்க. போன தடவ பாதிய வச்சுட்டாக." சாரல் உள்ளே அடித்தது. கதவைச் சாத்திக்கொண்டாள்.

ராக்கப்பன் கையில் தம்ளரோடு நின்றார். பொய்க்குப் பதிலாகக் கசாயம் கொடுத்தாயிற்று. இனி அந்தப் பொய்யில் அவளை நகர்த்தும் பலம் இல்லை. உண்மையைச் சொல்லலாம். கதவைத் தட்டினால் திறப்பாள். திறந்தால் அங்கே அவள் முகம் இருக்கும்.

அவர் வண்டிக்குத் திரும்பினார். தம்ளரை நனையாமல் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் வைத்தார். இரண்டு ஸ்பீக்கரையும் அந்த வீட்டைப் பார்க்கத் திருப்பினார். சுவிட்சைப் போட்டார்.

"பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு" என்று தொடங்கினார். அந்தத் தெருவில் பொதுமக்கள் இல்லை. மண்மேடுகள் இருந்தன. குரல் நின்றது. ஸ்பீக்கர் வழியாகக் கொஞ்ச நேரம் மழை பெய்யும் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது. பிறகு ஊர் அதுவரை குழாயில் கேட்டிராத ஒரு தமிழ் வந்தது.

"தங்கச்சி... செல்லக்கனி... நான் ராக்கப்பன் பேசுதேன். பிள்ளையத் தூக்கிட்டு வெளிய வந்துரு. அக்காவுக்கு ஒண்ணும் இல்ல. அவ நல்லாத்தான் இருக்கா. என்னைக்கும் நல்லாத்தான் இருந்தா. நான்தான் படுக்க வச்சேன். அது என் வீடு இல்ல தாயி. கவர்மெண்ட்டுக்கு வித்துட்டேன். வெள்ளம் வார வீடுன்னுதான் வாங்குனாக. வித்துட்டு ஒங்கிட்ட வாடகையும் வாங்குனேன். ரோடெல்லாம் போடல. நீ காவி அடிச்சிருக்கியே ஒரு கோடு, அம்புட்டு ஒசரம் தண்ணி நின்னுச்சு. நான்தான் சுண்ணாம்பு அடிச்சு மறைச்சேன். வெளிய வா தாயி. வந்துரு."

மழைக் காலத்தில் குழாய்ச் சத்தம் தூரம் போகும். பஜாரில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். வெள்ளக் காலனியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சீனியம்மாள் சொளகைக் கீழே வைத்தாள். தாலுகா ஆபீஸ் பக்கம் ஞானதுரை சைக்கிளைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

கதவு திறந்தது. செல்லக்கனி குழந்தையைப் போர்வையில் சுற்றி மார்போடு அணைத்திருந்தாள்; இடது கையில் தகரப் பெட்டி. "பெட்டியக் குடு தாயி, நான் தூக்குதேன்" என்றார் ராக்கப்பன். கொடுக்கவில்லை. அவரைப் பார்க்கவும் இல்லை. வண்டியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கமாக நடந்தாள். ராக்கப்பன் ஆம்ப்ளிஃபயருக்கு மேலிருந்த குடையைப் பிய்த்து எடுத்து, கை எட்டுகிற தூரத்துக்கு நீட்டி, அவள் தலைக்குமேல் பிடித்தபடி பின்னாலேயே போனார். காலனி வரையில் அவள் திரும்பவில்லை. வண்டி அங்கேயே நனைந்துகொண்டு நின்றது.

பொழுது சாயும்முன் மேற்குக் கண்மாயின் கரை ஒரு பக்கம் உடைப்பெடுத்தது. வெள்ளம் கோலக்கரையை மதிக்கவில்லை. அதையும் தாண்டி ஏறி, பின்சுவரைத் தள்ளிக்கொண்டு வந்து, கூரையைத் தெருவில் வைத்துவிட்டுப் போனது. மறுநாள் பார்வையிட வந்த ஞானதுரை சேற்றில் நின்று, "இடிக்க வேண்டியத ஓடையே இடிச்சிருச்சு, காண்ட்ராக்டருக்கு வேலை மிச்சம்" என்றார். பிறகு ராக்கப்பனைத் தனியே கூப்பிட்டார். "உம்ம மேல எழுதணும்னா எம்புட்டோ எழுதலாம். நீரே ஊருக்கு வாசிச்சுட்டீரு. நான் புதுசா என்னத்த எழுத?" திட்டியிருந்தால் தேவலாம் என்பதுபோல் ராக்கப்பன் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

குருசாமி ஷிப்டு முடிந்து காலனிக்கு வந்தபோது அடிக்கத்தான் வந்தான். கை ஓங்கியும் விட்டான். ராக்கப்பன் வாகாகக் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். உள்ளே சீனியம்மாள் மடியில் குழந்தை காய்ச்சல் இறங்கித் தூங்கியது. அதைப் பார்த்துவிட்டுக் குருசாமி கையை இறக்கினான். "அண்ணாச்சி அண்ணாச்சின்னு கூப்பிட்டாளேய்யா ஒம்ம" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அதற்கு அடியே விழுந்திருக்கலாம்.

இப்போது அவர்கள் ராக்கப்பன் வீட்டிலேயே இருக்கிறார்கள். மன்னித்துவிட்டதால் அல்ல, அந்த மழைக்குப் பிறகு வேறு வீடு அகப்படாததால். முன்னறை அவர்களுக்கு. ராக்கப்பனும் சீனியம்மாளும் அடுப்படியை ஒட்டிய இடத்தில் படுக்கிறார்கள். வாடகை என்று செல்லக்கனி ஒருமுறை நீட்டியபோது ராக்கப்பன் கொல்லைப் பக்கம் போய்விட்டார், இருட்டும்வரை வரவில்லை. அவள் தனியாக உலை வைக்கிறாள். சீனியம்மாளோடு பேசுகிறாள், சிரிக்கக்கூடச் செய்கிறாள். "என்னையச் சேத்துத்தான ஏமாத்துனாரு" என்று சீனியம்மாள் தன் பங்கைச் சாமர்த்தியமாகக் கழித்துக்கொண்டுவிட்டாள்.

தொழிலும் நடக்கிறது. ஆம்ப்ளிஃபயரை மதுரைக்கு அனுப்பிப் பழுது பார்த்தாயிற்று. அரசாங்க அறிவிப்பும் அவருக்கே வருகிறது. ஒழுக்கத்துக்காக ஆளை மாற்றலாம் என்று பேச்சு எழுந்ததாகவும், அந்த ழகரத்துக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை என்றும் சொல்கிறார்கள். வண்டி பஜாருக்குள் போகும்போது கடைப் பையன்கள் யாராவது, "அண்ணாச்சி, வாடகைக்கு வீடு இருக்கா?" என்று குரல் கொடுப்பார்கள். அவர் அறிவிப்பை நிறுத்த மாட்டார். வாக்கியத்தை முடித்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு, வண்டியை மிதிப்பார்.

சென்ற வாரம் வன்னியம்பட்டியிலிருந்து ஒருவர் மகள் சடங்குக்கு மைக் செட் பேச வந்திருந்தார். வாசலில் போட்டிருந்த பெஞ்சில் இருவரும் உட்கார்ந்து, பந்தலுக்கு ஒரு குழாய், பந்திக்கு ஒரு குழாய் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ராக்கப்பன் உற்சாகமாக இருந்தார். "சத்தம் வன்னியம்பட்டி தாண்டிக் கேக்கும். மாப்ள வீட்டுக்காரன் எவனாவது அங்கிட்டு இருந்தா இப்பமே வந்து நிப்பான்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், பாதிச் சொல்லில் எழுந்து நின்றார்.

முன்னறையிலிருந்து செல்லக்கனி இடுப்பில் பிள்ளையும் கையில் குடமுமாக வெளியே வந்தாள். பேரம் முறிந்துவிட்டது என்று நினைத்து வன்னியம்பட்டிக்காரரும் பதறி எழுந்தார். "என்ன அண்ணாச்சி, ஒத்து வரலையா?" ராக்கப்பனின் தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்திருந்தது. தொடக்கத்தில் செல்லக்கனி, "எந்திரிக்காதீங்க, இருங்க" என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். இப்போது சொல்வதில்லை. படி இறங்கி, பிள்ளையை ஏற்றி இடுக்கிக்கொண்டு, அடிகுழாய்ப் பக்கம் நடந்தாள். அவள் முக்குத் திரும்பும்வரை, தன்னில் பாதி வயது இல்லாத அந்தப் பெண்ணுக்காக, கைகளைத் தொங்கப்போட்டபடி ராக்கப்பன் நின்றார். பிறகு உட்கார்ந்தார். "பந்திக் குழாய எந்தப் பக்கம் கட்டணும்னீக?" என்றார்.